அக்கரையில் மட்டும் கொட்டிய பனி

பனி கொட்டவில்லையே என்று ஒரு யாழ்ப்பாணத்தான் ஜன்னலோரம் நின்று வயிறெரிந்தான் என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்புகிறார்கள் இல்லை. ஆனால் நான் எரிந்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க எரிந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழிக் காலை. நெஷாத்தல் ஏரியின் மேற்குக் கரையில், ஜூரா மலையடிவாரத்துக் கிராமம். அகதிகளுக்கென்று ஒதுக்கியிருந்த பழைய விடுதியின் சமையலறை ஜன்னல். அந்த விடுதியை ஊரார் ஃபோயே என்பார்கள்; நாங்களும் அப்படியே சொல்லப் பழகியிருந்தோம். என் கையில் கறுப்புக் கோப்பி. முற்றத்தில் வெயில். நல்ல பளிச்சென்ற, ஒன்றுக்கும் உதவாத வெயில்.

ஏரியின் மூலைக்கு அப்பால், என்னோடு வந்த சவிரி இருந்த ஊரைக் காணவில்லை. தண்ணீரின் மேலிருந்து சாம்பலும் வெள்ளையுமாக ஒரு சுவர் எழும்பி அந்த ஊரின்மேல் சாய்ந்து கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் நீல வானம், அந்தப் பக்கமும் நீல வானம். யாரோ சவிரிக்காக நேர்த்தி வைத்து, அவனுடைய கூரைக்கு மட்டும் பனியைக் கேட்டு வாங்கியதுபோல இருந்தது.

"கொட்டுறான் பார், அவனுக்கு மட்டும் கொட்டுறான்," என்று கடவுளைப் பார்த்தே சொன்னேன். கோப்பி ஆறிப்போனது.

ஒரே விமானம், இரண்டு ஊர்

போன கிழமை ஃபோயே சமையலறையில் மிளகாய் வறுத்து, தீயணைப்புக்காரர் வந்த கதையை எழுதியிருந்தேன். அதில் சவிரி என்ற பெயர் ஓரிடத்தில் வந்ததைப் பார்த்து, யார் அந்தச் சவிரி என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவனைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன் என்பதுதான் உண்மை. சிலரைப் பற்றி எழுதத் தொடங்கினால் வயிற்றுக்குள் இன்னும் புகைகிறது.

சவிரிமுத்து மன்னார்க் கரையோரத்துக் கத்தோலிக்கன். நான் சுன்னாகத்துப் பக்கம், வெங்காயத் தோட்டக்காரரின் மகன். கட்டுநாயக்காவில் ஒரே வரிசையில் நின்று பழக்கமாகி, கிழக்கு பெர்லின் வழியாக ஒன்றாக வந்து, லொசானில் ஒன்றாகவே அகதி விண்ணப்பம் கொடுத்தோம். இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே மாதிரி மீசை. அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்து, அண்ணன் தம்பியா என்று கேட்டார். பிறகு அவனை ஏரியின் தெற்கு நுனிக்கும் என்னை மேற்குக் கரைக்கும் அனுப்பினார்.

பனி வருமுன்னரே என் எரிச்சல் தொடங்கிவிட்டது. என் பெயர் குணரத்தினம். அதைச் சொன்னதும் இங்குள்ளவர்கள் முகம் சுளித்து, மூன்று தரம் முயற்சி செய்து, கடைசியில் 'குனா' என்று வெட்டி எடுத்துக்கொண்டார்கள். சவிரிமுத்து என்றதும், "ஆ, க்ஸவியே!" என்று தங்கள் ஊர்ப் பெயராக்கி, சொந்தக்காரனைக் கண்டதுபோலக் கை கொடுத்தார்கள். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையில் போக ஒரு கோயிலும் இருந்தது. பூசை முடிய யாராவது ஒரு மதாம் கேக் கொடுத்துவிடுவாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமையில் பருப்பு.

அவனுடைய மூச்சுக்கும் பேச்சுக்கும் நான் எரிந்துகொண்டிருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன்தான் எனக்கு இருந்த ஒரே கூட்டாளி. கூட்டாளி அல்லாத ஒருவன்மேல் அப்படி எரிச்சல் வராது.

வாடைக்கு இங்கே வேறு பெயர்

அந்தப் பனி ஏன் அவனுக்கு மட்டும் கொட்டியது என்பதைச் சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடித்தவன் நான். அதுதான் என் ஆற்றாமை.

இங்கே குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து ஒரு காற்று வரும். பிரெஞ்சு பேசுகிறவர்கள் அதற்கு 'பீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காதைப் பிடுங்கும் காற்று. ஒருமுறை ஜெனீவாவில் ஊர்வலத்துக்குப் போனபோது அது என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தேன். ஏரிக்கரையில் இருந்த வாங்குகள், கைப்பிடிக் கம்பிகள், யாரோ விட்டுப்போன சைக்கிள் எல்லாம் அலை தெறித்து உறைந்து கண்ணாடிபோல நின்றன. எங்களோடு கோஷம் போட்ட ஒருவருக்கு வாயைத் திறந்தால் மூட முடியவில்லை.

பெயரை விட்டுவிட்டுப் பார்த்தால் அது எங்கள் வாடைதான். ஊரில் வாடை என்ன செய்யும்? வங்கக் கடல் முழுக்க ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, எங்கள் வெங்காயப் பாத்திகளில் கொட்டி வெள்ளமாக்கும். இங்கேயும் அதே வேலையைத்தான் செய்கிறது. கோடை முழுக்கக் குடித்த வெயிலை ஏரி மார்கழி வரைக்கும் வயிற்றுக்குள் வைத்திருக்கும். மேலே வரும் காற்றோ கட்டிக் குளிர். அடுப்பில் வைத்த புட்டுப் பானையிலிருந்து வருவதுபோல தண்ணீரிலிருந்து ஆவி எழும்பும்.

குறுக்காக அடிக்கும் காற்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது, தண்ணீரின் மேல் அதன் பயணம் கட்டை. ஆனால் நெஷாத்தல் ஏரி வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறது. பீஸ் அதன் தலைமாட்டில் ஏறினால் கால்மாடு வரை நெடுக ஈரத்தை அள்ளிக்கொண்டே வரும். கால்மாட்டில் தரை வந்து தடுக்கும். அதற்குப் பின்னால் மேட்டுநிலம். காற்று மேலே ஏறவேண்டும். ஏற ஏற இன்னும் குளிரும். சுமந்து வந்ததையெல்லாம் அந்த மேட்டிலேயே பனியாகப் போட்டுவிட்டுப் போகும். விரித்த வேட்டிபோல நீளமும் ஒடுக்கமுமான ஒரு பட்டையில்தான் விழும். வேட்டிக்கு வெளியே நிற்பவனுக்கு வெயில்.

அந்த மேட்டில்தான் சவிரியின் ஊர்.

உயர்தரத்தில் புவியியல் படித்தவன் என்ற திமிரில் இதையெல்லாம் நான்தான் அவனுக்கு விளக்கினேன். அவன் வாய் பிளந்து கேட்டுவிட்டு, "அப்ப எனக்குத்தான் எல்லாம் வரும் எண்டு சொல்லுறாய்?" என்றான். விளக்கம் என்னிடம் இருந்தது. பனி அவனிடம் போனது.

பனியில் பார்த்தால்தான்

பனி யாருக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்கு வேண்டியிருந்தது.

எங்கள் கிராம சபையில் தெரு, வடிகால், சவக்காலை எல்லாம் பார்க்கும் ஷெஃப், அதாவது மேற்பார்வையாளர், ஒருவர் இருந்தார். பெயர் முசியே பெர்னார். காது வரை சிவந்த முகம், வாயில் எப்போதும் அணைந்துபோன சுருட்டு. இலை கூட்டவும் குப்பை ஏற்றவும் என்னை இடைக்கிடை கூப்பிடுவார். அவருடைய பழைய உதவியாளர் சித்திரையோடு ஓய்வு பெறப் போகிறார் என்றும், அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஒருவனை எடுக்கப்போகிறோம் என்றும் அவரே ஒருநாள் சொன்னார்.

"என்னை எடுப்பீர்களா?" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்.

அவர் சுருட்டை வாயின் மறுபக்கத்துக்குத் தள்ளினார். "இலை கூட்ட யாராலும் முடியும். ஒரு மனிதனைப் பனியில் பார்க்க வேண்டும். பனியில் பார்த்தபின் சொல்கிறேன்."

நிரந்தர வேலை இருப்பவனைத் திருப்பி அனுப்ப யோசிப்பார்கள் என்று அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். சட்டம் அப்படி இருந்ததோ என்னவோ, நம்பிக்கை அப்படி இருந்தது. ஆகவே எனக்கு வேண்டியது ஒரேயொரு நல்ல பனி. என் ஊரில், என் ஷெஃப்பின் கண் முன்னால் அது விழவேண்டும்.

கார்த்திகை போனது. மார்கழி வந்தது. பீஸ் அடித்தது. வெயில் எறித்தது. அக்கரையில் கொட்டியது.

ரெலிபோன்

ஃபோயேயின் நடையில் ஒரு ரெலிபோன் இருந்தது. பனி கொட்டிய நாட்களில் பின்னேரம் அது அடித்தால் சவிரிதான்.

"மச்சான், இண்டைக்கும் முழங்கால் மட்டுக்கு. பள்ளிக்கூட வாசல், பஸ் நிக்கிற இடம், எல்லாம் நான்தான். ஷெஃப் தோளிலை தட்டிப் போட்டுப் போறார்."

"ஓம், ஓம். தட்டுவார்தானே."

"என்னடாப்பா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. இங்கை வெயில்."

"உனக்கென்ன! குடுத்து வைச்சனி."

அவன் என்னை நக்கலடிக்கிறான் என்றே நினைத்தேன். தோளில் தட்டப்படுகிற ஒருவன், தட்டப்படாத ஒருவனைப் பார்த்துக் குடுத்து வைச்சனி என்றால் வேறென்ன நினைப்பது? ரெலிபோனை வைத்துவிட்டு நடையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். என் தோள்கூட எரிந்தது.

தைப்பொங்கல் கழிந்து சில நாட்களில் எனக்கு ஒரு யோசனை வந்தது. சவிரியின் ஷெஃப்பும் முசியே பெர்னாரும் வெள்ளிக்கிழமைகளில் ஒரே கடையில் உட்கார்ந்து வைன் குடிப்பவர்கள். பனி என்னிடம் வராவிட்டால் நான் பனியிடம் போவேன். அந்த ஊரில் சவிரியின் பக்கத்தில் நின்று ஒருநாள் அள்ளுவேன். அவனைவிட ஒரு பிடி கூட அள்ளுவேன். வெள்ளிக்கிழமை வைன் மேசையில் என் பெயர் விழும்.

சவிரிக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவனும் கூட அள்ளுவான்.

வேட்டி விழுந்த பக்கம்

பீஸ் மூர்க்கமாக அடித்த ஓர் இரவு கழிந்து, விடியுமுன் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அவசரத்தில் தொப்பியை மறந்துவிட்டேன். அது மதாம் ஒருத்தி பின்னித் தந்த மஞ்சள் கம்பளித் தொப்பி. ஊரில் என்னை அதை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பார்கள்.

ஏரிக்கரையால் நடந்து, நுனியில் இருக்கும் இவெர்டோன் பட்டணத்தைக் கடந்து, மேட்டுப் பாதையில் ஏறினேன். காது இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதவைபோல இருந்தன. ஆனால் மனம் நல்ல சூடாக இருந்தது.

சவிரியின் ஊருக்குள் நுழைந்தபோது சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது. தெரு காய்ந்து கிடந்தது. மதில் ஓரங்களில் பழைய பனி மட்டும் அழுக்காக இருந்தது. புதிதாக ஒரு பொட்டுக்கூட இல்லை. கிராம சபைக் கொட்டகையில் வேலையாட்கள் வண்டியில் சாய்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊர் ஷெஃப் என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். "க்ஸவியே! லீவு கேட்டுவிட்டு ஏன் வந்தாய்?"

"நான் க்ஸவியே இல்லை. குனா."

அவர் கிட்ட வந்து பார்த்துச் சிரித்தார். "உன்னிடம்தானே போனான்! முதல் பஸ்ஸில். ஒருநாள் வெயிலில் இருக்கவேண்டும் என்றான்."

நான் மெல்லத் திரும்பி ஏரியைப் பார்த்தேன். சுவர் அங்கேயே இருந்தது, ஆனால் இடம் மாறியிருந்தது. இரவிலிருந்து காற்று மெல்ல மெல்லக் கிழக்குப் பக்கமிருந்து அடிக்கத் திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான். வேட்டி அப்படியே அரக்கி நகர்ந்து, மேற்குக் கரையில் என் ஊரின் மேல், மலையடிவாரம் வரை விழுந்து கிடந்தது. என் ஃபோயேயைக் காணவில்லை. காற்று திரும்பினால் பட்டையும் திரும்பும் என்பது புவியியல் படித்த எனக்கு உறைக்கவில்லை. நான் சவிரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், காற்றையல்ல.

முசியே பெர்னார் இந்நேரம் ஃபோயேக் கதவைத் தட்டியிருப்பார். குனா எங்கே என்று கேட்டிருப்பார். குனா இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருந்த பனி கொட்டுகிறது, குனா இல்லை.

ஓடினேன். எங்கள் பக்கத்துக்கு பஸ் போகவில்லை என்று பட்டணத்தில் சொன்னார்கள். நடந்தேன். ஓர் ஓடைப் பாலம் வரும். அதன் இந்தப் பக்கம் வெயில். மறுபக்கம் கண் தெரியாத பனி. அதற்குள் புகுந்தபோது எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். யாரும் பார்க்க முடியாத அளவுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

மஞ்சள் தொப்பி

ஊருக்குள் வந்தபோது மத்தியானம் திரும்பிவிட்டது. தேவாலயப் படிகள் துப்புரவாக இருந்தன. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி அள்ளி, ஓரங்களைக் கத்தியால் வெட்டியதுபோல நேராக்கியிருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் பாதை, வயோதிபர் விடுதி வாசலில் பாதை. வீடு கட்டுகிறவன் சுவர் எழுப்புவதுபோலப் பனியை இருபக்கமும் அடுக்கியிருந்தது. அந்த வேலையைப் பார்த்தவுடனேயே, செய்தவன் யாராக இருந்தாலும் அவன் நன்றாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

தபால் கந்தோரின் முன்னால் மஞ்சள் தொப்பி தெரிந்தது. என் தொப்பி. காது வரை இழுத்து விட்டிருந்தது. கீழே கழுத்துத் துணி, நடுவில் கண்ணும் மீசையும் மட்டும். முசியே பெர்னார் அவன் தோளில் ஓங்கித் தட்டினார்.

"ப்ராவோ, குனா! ப்ராவோ!"

நான் தபால் கந்தோரின் மூலையில் ஒதுங்கி நின்றேன். என் பெயரைச் சொல்லி, நான் காத்திருந்த தட்டை, என் கண் முன்னாலேயே இன்னொருவன் தோளில் தட்டினார்கள். அந்த நிமிடம் நன்றி என்று ஒன்று எனக்கு வரவேயில்லை. வந்தது எரிச்சல்தான், உச்சந்தலை வரை.

பின்னேரம் சமையலறையில் சவிரி கைகளைச் சுடுதண்ணீருக்குள் விட்டுக்கொண்டு முனகினான். விரல்கள் வெடித்து இரத்தம் கசிந்தது.

"வெயில் காய வந்தனான்டா," என்றான். "வந்து உன்ரை கட்டிலிலை சரிஞ்சும் படுக்கேல்லை, அதுக்குள்ளை இருண்டு கொண்டு வந்திட்டுது. அந்த ஆள் வந்து கதவைத் தட்டி 'குனா?' எண்டார். இல்லை எண்டால் உன்ரை வேலை போச்சு. ஆணியிலை தொப்பி கிடந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு ஓம் எண்டன்."

"நான் போய் உண்மையைச் சொல்லப் போறன்."

"சும்மா இரு! சொன்னா ரெண்டு பேருக்கும் இல்லை."

தண்ணீர் சிவந்தது. பிறகு கேட்டான்: "நீ எங்கை போனனி?"

"உன்ரை ஊருக்கு. பனி அள்ள."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "விசரே உனக்கு? நான் ஒவ்வொரு நாளும் முதுகு முறிய அள்ளிப்போட்டு, நிமிந்து பாத்தால் அங்கை உன்ரை ஊர் வெயிலிலை மினுங்கும். பாக்கப் பாக்க எனக்குப் பத்தி எரியும். அவன் ராசா மாதிரி கோப்பி குடிச்சுக்கொண்டு நிப்பான் எண்டு நினைப்பன்."

"நிண்டனான்தான்."

அவன் சிரிக்கத் தொடங்கினான். நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தட்டு அவன் தோளில்தான் இருந்தது.

முதல் நாள்

மாசி பிறக்க ஏரியின் சூடு தீர்ந்துபோனது. பீஸ் அடித்தாலும் எடுத்துவர ஈரமில்லை. இரண்டு ஊரிலும் வெறுங்குளிர். சித்திரையில் முசியே பெர்னார் என்னைக் கூப்பிட்டு, கிராம சபையின் நீலச் சட்டையைத் தந்தார். சவிரியின் ஊரில் பனி முடிந்ததோடு வேலையும் முடிந்தது. அங்கே நிரந்தர இடம் எதுவும் இருக்கவில்லை. சில வருடம் அலைந்து, அனுமதி கிடைத்ததும் வின்டர்தூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான். அங்கே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, இயந்திரச் சத்தம்தான் இருந்தது என்பான்.

நான் அந்த நீலச் சட்டையோடு எத்தனையோ குளிர்காலங்களைக் கண்டேன். காற்று திரும்பிய நாட்களில் எங்கள் ஊரிலும் கொட்டியது. அள்ளினேன். ஓரங்களை நேராக வெட்டினேன். முசியே பெர்னார் ஓரமாக நின்று பார்ப்பார், தலையாட்டுவார், போய்விடுவார். என் தோளில் அவர் கை விழுந்ததில்லை.

அவர் ஓய்வு பெற்ற நாளில் கொட்டகையில் ஃபொண்டூ வைத்தார்கள். உருகிய சீஸில் பாணைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தவர், வைன் ஏறிய முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"குனா, நீ நல்ல வேலைக்காரன். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த முதல் நாள் நீ அள்ளினாயே, நான் என் சீவியத்தில் அப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நீயும் ஒருநாளும் அப்படி அள்ளவில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வின்டர்தூருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

சொன்னதும் சவிரி இருமி இருமிச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"மச்சான், என்னண்டு சொன்னவர்? இன்னொருக்கால் சொல்லு."

சொன்னேன்.

"அந்த ஆள் சொன்ன மாதிரியே சொல்லு. பிரெஞ்சிலை."

பிரெஞ்சில் சொன்னேன்.

"குனா எண்ட இடத்திலை என்ரை பேரைப் போட்டு ஒருக்காச் சொல்லடா."

நடையில் நின்றபடி, அவன் பெயரைப் போட்டு, முதலிலிருந்து கடைசி வரை ஒரு சொல்லும் குறையாமல் சொன்னேன். சொல்லும்போதும் எரிந்தது.